திரும்பிப் பார்க்கக் கூடாது

— படத்தை உள்ளே கொண்டு வராதீங்க ஹரி அண்ணா. வந்த மாதிரியே கார்ல வச்சிடுங்க.

— அரே தமிழரசி, ஒரு தடவை பாரேன். உங்க அப்பா படம், நீ சரின்னு சொன்னாத்தானே ஞாயித்துக்கிழமை தமிழ் மன்றத்துல மாட்ட முடியும்? நானே கடையில நின்னு ஃப்ரேம் போட வச்சேன். கீழே எழுதினதும் நான்தான். 'ஏரவாடா தமிழர் நெஞ்சில் நீங்கா இடம்பெற்ற தங்கப்பழம் அண்ணன்.'

— நெஞ்சுல இடம் கொடுத்தீங்க, சரி. மன்றத்துப் பொங்கல் பந்தியில கொடுத்தீங்களா?

— பழசெல்லாம் இப்ப எதுக்கு? மத்லப், அதாவது... அவரேதானே சொல்லுவார், 'எல்லாரும் சாப்பிட்டு முடிங்க, நான் நிதானமா உக்காந்துக்கிறேன்'னு.

— ஆமா. அவரே சொல்ற மாதிரி பழக்கி வச்சிருந்தீங்க.

— ஏட்டி தமிழு, வந்தவுகளை வாசல்ல நிக்க வச்சா பேசுத? உள்ள வாங்க ஐயா. ஒரு வாய் சாயா குடிங்க.

— அம்மா, அவரை ஐயாங்காதே. என்னைவிட நாலஞ்சு வயசு பெரியவர், அவ்வளவுதான். நீ போய் அடுப்பைப் பாரு.

— இருக்கட்டும் வேதாம்மா, சாயா வேண்டாம். தமிழ், என் முதல் முடி உங்க அப்பா எடுத்தது. என் பையன் ஷ்ரேயஸுக்கும் அவர்தான். 'அசையாதே மாப்பிள்ளே, காது பறந்து ஏர்போர்ட்டுக்குப் போயிடும்'பார். அவன் அழுதுக்கிட்டே சிரிப்பான். எங்க வீட்டுல அவர் மேல பிரியம் இல்லேன்னு உன்னால சொல்ல முடியுமா?

— பிரியம் இருந்துச்சு. கடை நாற்காலியில உக்காந்திருக்கிற வரைக்கும் இருந்துச்சு. இறங்கி ரோட்டுக்கு வந்தா உங்களுக்கு அவர் யாரு? உங்க தாத்தா செத்தப்ப நான் ஸ்கூல்ல படிச்சுக்கிட்டிருந்தேன். அப்பாவோட வந்தேன். பொணத்துக்கு ஷேவ் பண்றப்பகூட அவர் பேசிக்கிட்டே செய்வார். 'பெரியவரே, கன்னத்தைக் கொஞ்சம் உப்புங்க'ம்பார். செத்தவங்க எங்க உப்புறது? இவரே வாய்க்குள்ள விரலை விட்டு உப்ப வைப்பார். ஒரு கீறல் விழாது. அப்படி இந்த ஏரியாவுல எத்தனை பேரைப் பளபளன்னு அனுப்பி வச்சார்! அவர் மட்டும் ஆஸ்பத்திரித் தாடியோட போனார். உங்கள்ல ஒருத்தருக்குக்கூட அது கண்ணுல படல.

— கூட்டம், அழுகை, அந்த நேரத்துல யாருக்குத் தோணும்?

— சரி, தாடியை விடுங்க. குடம்? அது கண்ணுல பட்டுச்சே? தோள்ல தண்ணிக்குடம், பாடையைச் சுத்தி மூணு சுத்து, சுத்துக்கு ஒரு ஓட்டை. பின்னாலயே நடந்து கத்தியால கொத்தறது எங்கப்பா வேலை. நாப்பது வருஷமா உங்க எல்லார் வீட்டுக் குடத்தையும் அவர்தான் கொத்தினார். அவர் செத்தா அவர் குடத்தை யார் கொத்துவாங்கன்னு மன்றத்துல ஒருத்தராவது யோசிச்சீங்களா?

— எங்களுக்கு அந்த முறையெல்லாம் தெரியாது தமிழ்.

— மண்குடத்துல ஓட்டை போட என்ன முறை வேண்டிக் கிடக்கு? அவருக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல, நான்தான் குடம் தூக்கினேன். என் புருஷன் ஆடிட்டுக்கு கவுகாத்தி போயிருந்தார், சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். வந்திருந்தாலும் சாவு வீட்டு ஆள் கொத்தக் கூடாது. 'யாராவது ஒருத்தர் வாங்க'ன்னு கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். உங்க மன்றத்துப் பத்மநாபன் சார் வாட்சைப் பார்த்தார். அப்புறம் எல்லாரும் டீ குடிக்க சுடுகாட்டு கேட்டுக்குப் போயிட்டீங்க. அப்பா செத்து வெயில்ல கிடக்கார், உங்களுக்கு டீ!

— நான் டீ குடிக்கல. சத்தியமா. அப்பாவுக்கு வெயில் தாங்கல, அவரைக் கொண்டுபோய் கார்ல உக்கார வச்சேன். அப்புறம் ஒரு ஃபோன் வந்துச்சு...

— உங்களுக்கு ஃபோன், அவங்களுக்கு டீ. எங்க அம்மா ஒருத்திதான் நின்னா. கடைசியில யாரோ சுடுகாட்டுக்காரன் வந்து கொத்தினான். பின்னால செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் கேட்டுச்சு. முதல் கொத்துல உடையவே இல்ல. ரெண்டாவது கொத்துலதான் தண்ணி வந்துச்சு. கை ஆடியிருக்கும், நல்லாக் குடிச்சிருந்தான் போல.

— நீ பார்த்தியா?

— எப்படிப் பார்ப்பேன்? குடம் தூக்கினவங்க திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு அப்பா ஒவ்வொருத்தர் காதுலயும் சொல்லித்தானே நடக்க விடுவார்? உங்க காதுலயும் சொன்னாரே, உங்க அம்மா போனப்ப! கொள்ளி வச்சிட்டு நேரா நடந்துட்டேன். எங்கப்பாவை வழியனுப்பினது யாருன்னு எனக்குத் தெரியாது அண்ணா. உங்கள்ல ஒருத்தர் இல்ல. அது மட்டும் தெரியும். அதனால அந்தப் படத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க.

— தமிழ், ஒரு நிமிஷம்...

— செருப்பு எங்கே?

— என்னது?

— வெறுங்காலோட வந்திருக்கீங்க. சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க. படம் கொடுக்கவா வந்தீங்க? என்ன விஷயம்?

— அப்பா போயிட்டார் தமிழ்.

— யாரு? கோவிந்தராஜன் மாமாவா?

— காலையில காபி கேட்டார். கொண்டு போறதுக்குள்ள... அவ்வளவுதான். படம் நேத்துலேருந்து கார்லயே இருந்துச்சு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம அதைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

— என்ன சொல்லுதிய ஐயா? அண்ணாச்சியா? ஐயோ, போன ஞாயித்துக்கெழமகூட பூட்டுன கடை முன்னால வந்து நின்னுட்டுப் போனாவளே!

— விஷ்ராந்த்வாடி வீட்டுலதான் வச்சிருக்கு வேதாம்மா. சாயங்காலம் எடுக்கணும். திருநெல்வேலியிலேருந்து சித்தப்பா ஃப்ளைட் பிடிச்சு வந்துக்கிட்டிருக்கார். எல்லாம் முறைப்படி நடக்கணும்ங்கிறார். அதான்... நம்ம அருண்ராஜை ஒரு ரெண்டு மணி நேரம் அனுப்பினா...

— யாரை அனுப்பணும்?

— உன் வீட்டுக்காரரை. சும்மா சம்பிரதாயத்துக்கு...

— என் புருஷன் பேங்க்ல வேலை பார்க்கிறார் அண்ணா. அவருக்குப் பென்சில் சீவத் தெரியாது. தாடியை மெஷின்லதான் எடுக்கிறார், அதுவும் பயந்து பயந்து. குடம் கொத்த அவரை எதுக்குக் கேக்கிறீங்க?

— சித்தப்பாதான் ஃபோன்ல கேட்டார், 'தங்கப்பழம் வீட்டுல வேற ஆம்பளை யாரும் இல்லையா'ன்னு.

— பத்மநாபன் சார் ஆம்பளை இல்லையா? அவரைக் கூப்பிடுங்க. அவர் சாவு வீட்டு ஆளும் இல்ல.

— அவர் மாட்டார்.

— ஏன்?

— தமிழ், ப்ளீஸ். அப்பாவை ஐஸ் பெட்டியில வச்சுட்டு வந்திருக்கேன்.

— ஏன் மாட்டார்? உங்க வாயால சொல்லிட்டுப் போங்க.

— அது... உங்க ஆளுங்க செய்யற வேலைன்னு நினைக்கிறார்.

— நீங்க?

— எனக்கு நேரமாகுது தமிழ்.

— போங்க அண்ணா. மாமா நல்ல மனுஷர். கட்கி பேக்டரியில ரிட்டயர் ஆன நாள்லேருந்து ஞாயித்துக்கிழமை தவறாம வந்து, ஷேவ் முடிஞ்சும் மத்தியானம் வரைக்கும் அப்பாவோட பேசிக்கிட்டு இருப்பார். அவருக்காக நான் அழுவேன். வீட்டுக்கு வந்து மாலையும் போடுவேன். மாலை போட்டுட்டு நானும் கேட்டுல நின்னு டீ குடிப்பேன்.

— உங்க அப்பா இருந்திருந்தா இப்படிப் பேசியிருப்பாரா?

— மாட்டார். பையைத் தூக்கிக்கிட்டு உங்களுக்கு முன்னாடி ஓடியிருப்பார். அதுதான் என் ஆத்திரமே! எத்தனை தடவை ஓரமா உக்கார வச்சாலும் கூப்பிட்டதும் போவார். அவர் போய்ப் போய்த்தான் உங்களுக்கு இவ்வளவு தைரியம். என் புருஷனை வந்து கேக்கிறீங்க!

— ஏட்டி, போதும். வாயை மூடு.

— நீயும் அவரை மாதிரியே பேசாதேம்மா.

— மூடுங்கேன்லா! அன்னைக்குக் கொத்துனது சுடுகாட்டுக்காரன் இல்ல.

— என்ன?

— ஒருத்தனும் குடிச்சிட்டு வரல. அந்தக் கை வயசாகி ஆடுன கை. கார்ல உக்காந்திருந்த மனுசன் கதவைத் தொறந்துக்கிட்டு, அந்த வெயில்ல காலை இழுத்து இழுத்து வந்தாவ. கேட்டுல நின்னவனுவ ஒருத்தனும் இந்தப் பக்கம் பாக்கல. ஒங்கப்பா பையில இருந்து நாந்தான் கத்தியை எடுத்துக் குடுத்தேன்.

— எங்க அப்பாவா?

— ஒங்க அப்பாதான் தம்பி. மொதக் கொத்துல ஒடையல. 'தங்கம், கோவிச்சுக்காதடே, எனக்குப் பழக்கமில்ல'ன்னு ஒதட்டுக்குள்ளயே பாடையைப் பாத்துச் சொன்னாவ.

— அம்மா, இத்தனை நாளா என்னைப் பொசுங்க விட்டுட்டு... ஏன் சொல்லல?

— சொல்லாதன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாவட்டி. 'மகனுக்குத் தெரிஞ்சா மன்றத்துல தலைகாட்ட முடியலம்பான், வெளிய விட்டுராத வேதம்'னு கெஞ்சுனாவ. சினேகிதனுக்குச் செஞ்சதைத் திருட்டு மாதிரி மறைக்க வேண்டியிருக்கேன்னு எனக்கும் வயிறு எரியத்தான் செஞ்சுது. ஆனா வந்தாவ. அம்புட்டுப் பேருல அவுக ஒருத்தர்தான் வந்தாவ.

— தமிழ்... எனக்குத் தெரியாது. ஃபோன் பேசி முடிச்சிட்டுக் காருக்கு வந்தா அப்பா வேட்டியெல்லாம் ஈரம். 'சின்னக் குழந்தையா நீங்க, தண்ணியை மேலே கொட்டிக்கிட்டு'ன்னு திட்டினேன். கத்தித் திட்டினேன். அவர் வேட்டியைப் பிழிஞ்சு விட்டுக்கிட்டார்.

— அப்பா பையை எடும்மா.

— மாப்பிள்ளைக்கு போன் போடட்டா?

— அவர் வேண்டாம். நான் போறேன்.

— நீயா? தமிழ், சித்தப்பா ஒத்துக்குவாரான்னு தெரியல. ஒரு பொம்பளை வந்து...

— சித்தப்பா கேட்டுல நின்னு டீ குடிக்கட்டும். மாமாவுக்கு ஷேவும் நான்தான் பண்ணுவேன், தாடியோட அனுப்ப மாட்டேன். குடத்தையும் நான்தான் கொத்துவேன். ஆனா ஒண்ணு.

— சொல்லு. எதுவா இருந்தாலும் செய்யறேன்.

— ஒவ்வொரு கொத்துக்கும், மன்றத்து ஆளுங்க அத்தனை பேரும் பார்க்க, நீங்க திரும்பி என் முகத்தைப் பார்க்கணும்.