அட்டையில் ஏறிய வேலை

“உங்க கண்ணக் கெடுத்தது சீனி மட்டுமில்ல, ஈயமும்தான்!”

எண்பதுகளில் ஒரு காலை, மலேசியாவின் கிள்ளான் ஆஸ்பத்திரியில் கண் டாக்டரைப் பார்க்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள்தான் இப்படிச் சொன்னார். அவருடைய கணவர் அவர் தோளைப் பிடித்தபடி நின்றார்.

“மெதுவா பேசு லா. இனிப்புநீர் வியாதின்னுதானே டாக்டர் சொன்னாரு.”

“சொன்னாரு. நான் சோத்த அள்ளிப் போட்டே கெடுத்துட்டேன்னு என்னைய ஏசவும் செஞ்சாரு. இருபது வருஷம் பேட்டரி பேக்டரில ஈயம் உருக்குனீங்களே, அதக் கேட்டாரா?”

“கேக்கல.”

“உங்க சட்டையத் துவைச்சவ நான். தண்ணி சாம்பலா ஓடும். அத அவரு பாத்தாரா?”

“வேலைய விட்டு வந்தாச்சு. இப்ப சொல்லி என்ன ஆவப் போகுது?”

 முறை வந்ததும் அம்மாள் கணவரின் மருத்துவ அட்டையைத் தாதியின் முன்னால் வைத்தார்.

“வேலை இல்லன்னு எழுதியிருக்கீங்க. அத வெட்டிட்டு, பேட்டரி பேக்டரில ஈயம் உருக்குனாருன்னு எழுதுங்க.”

“ஆன்டி, அதெல்லாம் டாக்டர் கேப்பாரு.”

“மூணு தடவ வந்தோம், கேக்கல. நீங்க எழுதுற வரைக்கும் நான் நகர மாட்டேன்.”

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. தாதி உதட்டைச் சுழித்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

கணவர் அட்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். எழுத்து பிடிபடவில்லை.

“என்ன எழுதியிருக்காங்க?”

“நீங்க செஞ்ச வேலைய,” என்றார் அம்மாள்.