லிஸ்பனிலிருந்து ஒரு மன்னிப்பு

– "லிண்டெகெர்கே தங்கக்குரல் குருவிச் சங்கத்தின் அனைத்து உறுப்பினர்களுக்கும், சங்கத்தின் நூற்றுப் பதினோராண்டு வரலாற்றில் இதுவரை நேர்ந்திராத ஒரு சூழ்நிலையில், மிகுந்த மனபாரத்துடன் அறிவிப்பது யாதெனில், உங்கள் தலைவராகிய நான் லிஸ்பன் நகர மருத்துவமனையில் இல்லை..."

– நீ லிஸ்பன்ல இல்லன்னு தெரியுது ஓமேர். என் கடையில உட்கார்ந்து என் பீரைக் குடிச்சிட்டிருக்கே.

– குறுக்கே பேசாதே கோடெலீவ. ஞாயித்துக்கிழமை குருவிப் பாட்டுப் போட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தெருவுல நின்னு இதைப் படிக்கப்போறேன். நீ செயலாளர். குறிச்சுக்கோ.

– குறிச்சுக்கறேன், படி.

– "எனது மின்னஞ்சலைக் களவாடிய கயவன் ஒருவன், நான் விபத்தில் சிக்கியதாகவும், பணப்பை தொலைந்ததாகவும், அறுநூறு யூரோ உடனடியாகத் தேவை என்றும் அனைவருக்கும் பொய்க் கடிதம் அனுப்பியுள்ளான்."

– எப்படிக் களவாடினான்னு எழுதலியா?

– அது அநாவசியமான விவரம்.

– ஐரோப்பியப் பாடும்பறவை மகாசபை உனக்கு வாழ்நாள் சாதனைப் பதக்கம் தருதுன்னு ஒருத்தன் எழுதினான். பதக்கத்துல பேர் பொறிக்க உன் பாஸ்வேர்டு வேணும்னான். நீயும் எடுத்துக் கொடுத்தே.

– பதினெட்டு வருஷமாத் தலைவரா இருக்கேன். பதக்கம் வந்தா நான் ஏன் ஆச்சரியப்படணும்?

– மாதாவே! சரி விடு. மேல படி.

– அதுக்கு முன்னாடி, எத்தனை பேர் ஏமாந்தாங்க? அந்த எண்ணிக்கையை இங்க போடணும். இடம் விட்டு வெச்சிருக்கேன்.

– நம்ம சங்கத்துலயா? ஒருத்தரும் இல்ல.

– நல்லது. மிகவும் நல்லது. ஒருத்தர்கூடவா இல்ல?

– ஒருத்தர்கூட இல்ல.

– கோடெலீவ, நான் கால் ஒடிஞ்சு, முன்னப்பின்னே தெரியாத ஊர்ல, கையில சல்லிக்காசு இல்லாமக் கிடக்கேன். நாப்பத்தியொரு பேர்ல ஒருத்தனுக்கும் மனசு பதறலையா?

– மெயில் வந்தப்ப நீ அந்த மேஜையில விலாங்கு மீன் சாப்பிட்டுட்டிருந்தே. பாதிப் பேர் உன்னைப் பார்த்துக்கிட்டே அதைப் படிச்சாங்க.

– மீதிப் பாதி?

– வலேர் எனக்கு போன் பண்ணினான். ஓமேர் நெஜமாவே போர்ச்சுகல்ல இருக்கானான்னு கேட்டான். இல்லப்பா, இங்கதான் இருக்கான்னேன். 'அடடா'ன்னு சொல்லிட்டு வெச்சிட்டான்.

– அடடான்னா எந்த மாதிரி அடடா?

– நான் விளக்கம் கேக்கல.

– அவன் குருவிக்கு நோய் வந்தப்ப மூணு நாள் என் வீட்டுல வெச்சுப் பார்த்தேன். அடடாவாம்!

– ஒரு ஆள் பணம் அனுப்பினான், ஓமேர். சங்கத்துல இல்லாத ஆள்.

– யாரு?

– அஷீல்.

– எந்த அஷீல்?

– எத்தனை அஷீல் உனக்குத் தெரியும்? கிளாஸைக் கீழ வை, கொட்டுது பாரு.

– அவனுக்கு எப்படி மெயில் போச்சு? அவன் சங்கத்தை விட்டுப் போய்ப் பத்தொம்பது வருஷமாச்சே.

– உன் முகவரிப் பட்டியல்ல இருக்கற எல்லாருக்கும் போயிருக்கு. அவன் பேரை நீ எடுக்கவே இல்ல.

– எனக்கு எடுக்கத் தெரியலை. கம்ப்யூட்டர் விஷயம்.

– பழைய பாதிரியார் பேரைப் போன மாசம் எடுத்தியே.

– அவர் செத்துட்டார்.

– சரி விடு.

– அறுநூறும் அனுப்பினானா?

– அறுநூறும்.

– அஷீலா! அவன் காபிக்குக்கூடச் சர்க்கரையை எண்ணிப் போடற ஆளாச்சே. உனக்கு ஞாபகம் இருக்கா, அப்ப நீ இந்தக் கடையில உங்க அப்பாவுக்கு ஒத்தாசையா கிளாஸ் கழுவிட்டிருந்தே...

– ஞாபகம் இல்லாம என்ன? விடியறதுக்குள்ள ரெண்டு பேரும் சைக்கிள்ல வந்து நிப்பீங்க. பின்னாடி ஆளுக்கொரு குருவிப் பெட்டி, துணி போட்டு மூடி. சைக்கிள் தண்டுல கட்டின, பாட்டை எண்ணிக் கோடு போடற கோல் ரெண்டும் என் கதவுல இடிக்கும். கதவுல இன்னும் அந்தக் கீறல் இருக்கு.

– நான் பேசிக்கிட்டே ஓட்டுவேன். அவன் பேசவே மாட்டான். இருபது கிலோமீட்டர் போனதுக்கு அப்புறம், 'ஓமேர், உன் பின் சக்கரத்துல காத்து இல்ல'ம்பான். கிளம்பும்போதே பார்த்திருப்பான். கேட்டா, 'நீ பேச்சை முடிக்கட்டும்னு இருந்தேன்'ம்பான்.

– உன் கல்யாணத்தன்னிக்கும் போட்டிக்குப் போனீங்க.

– காலையில போட்டி, பதினொரு மணிக்குத் டவுன் ஹால்ல கையெழுத்து. அஷீல்தான் சாட்சி. கோடு போட்டுப் போட்டு அவன் கையெல்லாம் சாக்பீஸ் தூள். அதிகாரி கை குலுக்கினார், அவர் கறுப்புக் கோட்டெல்லாம் வெள்ளை. ரோசா சிரிச்சா பாரு, புகைப்படம் பூரா வாயைத் திறந்துக்கிட்டே நிக்கறா.

– ரோசா அடக்கத்துக்கும் அவன் வந்திருந்தான். கடைசி வரிசையில தூணோரமா நின்னான்.

– பார்த்தேன்.

– பார்த்துட்டுப் பேசாம வந்தியா?

– அன்னிக்கு நான் யார்கிட்ட பேசினேன்? அவன் எண்ணற அழகே தனி, தெரியுமா. எல்லாரும் குருவியைப் பார்ப்பாங்க. அவன் கண்ணை மூடிப்பான். குருவி 'சுஸ்கெவீட்டு'ன்னு பாட்டை முழுசா முடிச்சாத்தான் கோலுல ஒரு கோடு. கடைசி 'வீட்டு'வை முழுங்கிட்டா, அது அண்ணன் தம்பி குருவியா இருந்தாலும் கோடு கிடையாது.

– அப்படிப்பட்டவனைத்தான், உன் குருவியோட கோடுகளைத் திருடிட்டான்னு சொன்னே. நடுத்தெருவுல, முப்பது பேர் முன்னாடி.

– பழசை எதுக்கு இப்ப?

– பழசுன்னு நீ சொல்றே. தன் குருவியைத் தானே எண்ணக்கூடாது, பக்கத்து ஆள்தான் எண்ணணும்ங்கறதுதானே நம்ம ஆட்டமே. எண்ணறவனை நம்பலைன்னா வரிசையில அவன் பக்கத்துல யார் உட்காருவா? நீ சொன்ன அன்னியிலேர்ந்து ஒரு சங்கமும் அவனைச் சேர்க்கலை. ஞாயித்துக்கிழமை காலையில தன் வீட்டு வாசல்ல பெட்டியை வெச்சிட்டு உட்கார்ந்திருக்கான். கையில கோல்கூட இல்ல. சும்மா கேட்டுட்டிருக்கான்.

– உனக்கு யார் சொன்னா?

– அவனே. இன்னிக்குக் காலையில இங்க வந்திருந்தான். ஞாயித்துக்கிழமை போட்டிக்குப் பேர் கொடுத்துட்டுப் போனான்.

– பேர் கொடுத்தானா? என்ன தைரியத்துல?

– நீ மன்னிப்புக் கேட்டுட்டியாம்.

– நானா? எப்ப?

– போன செவ்வாய்க்கிழமை, மூணே முக்காலுக்கு. லிஸ்பன்லேர்ந்து.

– கோடெலீவ, விளையாடாதே.

– காகிதத்துல எடுத்துக் கொடுத்திருக்கான், அறிவிப்புப் பலகையில மாட்டச் சொல்லி. படிக்கறேன், கேளு. இது அவன் உன் மெயிலுக்கு எழுதின பதில்: 'ஓமேர், அறுநூறு தர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. அன்னிக்கு உன் குருவிக்கு நான் போட்டது முன்னூத்திப் பதினாலு கோடு. அது சரியா, தப்பா? எழுது. அஷீல்.'

– இதுக்கு அந்தத் திருடன்...

– நாலே நிமிஷத்துல பதில் எழுதியிருக்கான். 'அன்பிற்குரிய நண்பர் அஷீல் அவர்களே, தாங்கள் எண்ணியது முற்றிலும் சரி. தங்களுக்கு நான் இழைத்தது பெருந்தவறு. அன்று முதல் ஒவ்வொரு நாளும் வருந்துகிறேன். மனதார மன்னிப்பு வேண்டுகிறேன். தொகையைக் கீழ்க்கண்ட கணக்குக்கு இன்றே அனுப்பவும். தங்கள் நண்பன் ஓமேர்.'

– பிழையில்லாம எழுதியிருக்கான் ராஸ்கல்.

– உன்னைவிட நல்லாவே எழுதறான்.

– ஆனா இது செல்லாது! சட்டப்படி செல்லாது. நான் கேக்காத மன்னிப்பை என் பேர்ல ஒருத்தன் எப்படிக் கேக்கலாம்? ஞாயித்துக்கிழமை நான் இதைப் படிச்சதும் எல்லாருக்கும் விளங்கிடும்.

– விளங்கிடும். நீ நடுத்தெருவுல நின்னு லிஸ்பன் மெயில் பூராப் பொய்ன்னு அறிவிப்பே. அவன் குருவிப் பெட்டியோட வரிசையில உட்கார்ந்திருப்பான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பாங்க. ஒரே தெருவுல ரெண்டாந்தடவை. அவனுக்கு எழுபத்திமூணு வயசு, ஓமேர்.

– நான் என்ன பண்ணட்டும்? உண்மையை மறைக்கட்டுமா?

– உண்மை! நல்ல வார்த்தை. சரி, நானும் ஒண்ணு கேக்கறேன். முன்னூத்திப் பதினாலு. சரியா, தப்பா?

– இன்னொரு பீர் ஊத்து.

– பதில் சொல்லு, ஊத்தறேன்.

– மாகாணக் கோப்பை அது. மூணு கோடு வித்தியாசத்துல போச்சு. மூணே மூணு! உனக்குத் தெரியாது, கோப்பை வைக்க வீட்டுல இடம் ஒழிச்சு வெச்சிருந்தேன். ரோசா கடிகாரத்தைக்கூட நகர்த்திட்டு...

– ஓமேர்.

– நானும் மனசுக்குள்ள எண்ணிட்டுத்தான் இருந்தேன்.

– எவ்வளவு?

– முன்னூத்திப் பதினாலு.

– இந்தா உன் பீர்.

– யார்கிட்டயும் சொல்லாதே. நான் அடுத்த வாரமே போய்ச் சொல்லணும்னுதான் இருந்தேன். அப்புறம் அடுத்த வாரம். அப்புறம் என்னைத் தலைவராக்கிட்டாங்க. தலைவரா இருந்துக்கிட்டு எப்படிப் போறது? பத்து வருஷம் ஆனதுக்கு அப்புறம் கதவைத் தட்டி என்னன்னு ஆரம்பிக்கறது?

– அந்தத் திருடனுக்கு நாலு நிமிஷம்தான் ஆச்சு.

– சொல்லிக்காட்டாதே. சரி, அந்தக் காகிதத்தைக் கிழி. இல்ல, அதை இல்ல, என் அறிவிப்பை. புதுசு எழுதறேன். குறிச்சுக்கோ. "பெருமதிப்பிற்குரிய உறுப்பினர்களே! பல்லாண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு சிறு எண்ணிக்கைக் குழப்பம் தொடர்பாக..."

– குழப்பம் இல்ல.

– "...ஒரு கருத்து வேறுபாடு தொடர்பாக..."

– அதுவும் இல்ல. 'அஷீல் சரியா எண்ணினார். நான் தெரிஞ்சே பொய் சொன்னேன்.' இவ்வளவுதான். ரெண்டு வரி.

– ரெண்டு வரியெல்லாம் அறிவிப்பா? பாலுக்குச் சீட்டு எழுதற மாதிரி இருக்கு.

– எழுது.

– எழுதறேன், எழுதறேன். "அஷீல் சரியாக எண்ணினார். நான் தெரிந்தே பொய் சொன்னேன்." ஆச்சு. கீழ ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துக்கறேனே. "இதற்காக அண்மையில் அவரிடம் எழுத்துமூலமாக, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, நானே முன்வந்து மன்னிப்புக் கோரினேன் என்பதையும், அவர் அதைப் பெருந்தன்மையுடன் ஏற்றார் என்பதையும்..."

– நானே முன்வந்தா?

– என் பேர்லதானே போயிருக்கு? என் முகவரியிலேர்ந்துதானே? மனசுல இருந்தது வேற எவனோ கையால வந்திருக்கு, அவ்வளவுதான். பணத்தை நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன், ஆஸ்பத்திரிக் கடன்னு சொல்லி. அவன் நம்பினபடியே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை என் குருவியை அவன் எண்ணட்டும். பக்கத்துலயே நாற்காலி போடு. அவன் பேச மாட்டான், தெரியும். நான் பேசிக்கிறேன். என்ன அப்படிப் பார்க்கறே? கையெழுத்துப் போட்டாச்சு. பலகையில மாட்டு.

– கையெழுத்துப் போட்டுட்டியா? காட்டு. ம். இதுக்காகத்தான் ஒண்ணைச் சொல்லாம வெச்சிருந்தேன்.

– என்னது?

– அது நீ எழுதினதில்லன்னு அஷீலுக்கு மெயிலைப் பார்த்ததுமே தெரியும். உன் பேர் போட்ட மன்னிப்பு அறுநூறு யூரோவுக்குக் கிடைக்குதேன்னு வாங்கிக்கிட்டான்.