முதல் மணி யார் கையில்

— பூங்கொத்து வகுப்புக்கு ஒண்ணு போதும்னா எழுதியிருக்க? பூக்காரங்க உனக்குச் சாபம் விடப் போறாங்க, ஹெட்மாஸ்டரம்மா.

— விடட்டும். போன வருஷம் அத்தனையும் பக்கெட்டுல கிடந்து அழுகி நாறிச்சு, அள்ளிக் கொட்டினது நான். நடுவுல பேசாதே கமென். நாளைக்கு ஸ்கூல் திறக்குது, பெத்தவங்களுக்கு நான் எழுதினதை நீயாவது முழுசாக் கேளு.

— காது இங்கதான் இருக்கு, கைதான் சுட்ட குடமிளகாய்த் தோலை உரிக்குது. படி.

— “வகுப்பறைகளுக்கு வெள்ளையடித்தாயிற்று. பிள்ளைகளுக்கு உள்ளே போட்டுக்கொள்ள மாற்றுச் செருப்பு கொடுத்தனுப்பவும். பாலும் பழமும் வழக்கம்போல உண்டு. நாளை முற்றத்தில் முதல் மணியை ஒன்றாம் வகுப்பு மாணவி விக்தோரியா அடிப்பாள். ஜூன் மாதக் குலுக்கலில் பெயர் வந்த செவ்தா, குடும்பத்தாரின் விருப்பப்படி விலகிக்கொண்டாள். இப்படிக்கு, தலைமை ஆசிரியை தெமெனுகா.”

— ம். நல்லாத்தான் இருக்கு. யார் மனசும் நோகாத மாதிரி எழுதியிருக்க.

— அதான் குமட்டுது. நான் அங்க வாத்தியாரா சேர்ந்த நாள்லேர்ந்து, சீட்டுல எந்தப் பிள்ளை பேர் வருதோ அந்தப் பிள்ளைதான் மணி அடிக்கும். ஒரு வருஷம் திக்குவாய்ப் பையன் அடிச்சான். ஒரு வருஷம் ஜெயில்ல இருந்தவன் மக அடிச்சா. எவளும் வாயைத் திறக்கல. இந்த வருஷம் ரயில் பாலத்துக்கு அந்தாண்ட, ஜிப்சிக் குடியிருப்புலேர்ந்து ஒரு பிள்ளை பேர் வந்துச்சு. உடனே எல்லாத்துக்கும் பிள்ளைங்க மேல அக்கறை பொத்துக்கிட்டு வந்துடுச்சு.

— ரொம்பப் பேர் போன் பண்ணினாங்களோ?

— எண்ணினா வாந்தி வரும். மருந்துக்கடைக்காரி, அந்த விக்தோரியாவோட அம்மா, தேன் ஒழுகத்தான் ஆரம்பிச்சா. ‘எனக்கு அந்த மாதிரி எண்ணமெல்லாம் கிடையாது டீச்சர், பாவம் அந்தக் குழந்தை, அத்தனை பேர் முன்னாடி நிக்கப் பயந்துக்கும்’னா. அப்புறம் மெதுவா, ‘அவ பிடிச்ச மணியை மத்த பிள்ளைங்களும் தொடுமே’ன்னு ஒரு இழு இழுத்தா. மறுநாள் கை கழுவுற மருந்து ஒரு பெட்டி ஸ்கூல்ல வந்து இறங்குது. அன்பளிப்பாம். த்தூ.

— வாங்கிக்கிட்டியா?

— வாங்கிக்கிட்டேன். ஸ்கூல்ல சோப்பு இல்ல.

— அது சரி.

— சிரிக்காதே. இன்னொருத்தி, போட்டோவுல முன்னாடி அந்த முகம் நின்னா ஊரைப் பத்தி என்ன நினைப்பாங்கங்கிறா. அவ புருஷன் போனைப் பிடுங்கி, ‘நாங்க நாலு குடும்பம் பிள்ளைங்களைப் பக்கத்து ஊர்ல சேர்த்துடுவோம்’னான். நாலு பிள்ளை போனா ஒண்ணாம் வகுப்பையே மூடச் சொல்லிடுவாங்கன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் பேசுறான், நாய்.

— விடு தெமே. இதுங்க திருந்துற ஜென்மம் இல்ல. அந்தப் பொண்ணும் கொஞ்ச நாள்ல மறந்துடும்.

— மறந்துடுமா? அவ அப்பன் யாஷார் உன் பேக்கரி அடுப்புலதானே நிக்கிறான். ஆட்டு மணியை வச்சுக்கிட்டுக் கோடை பூரா அது வீட்டைச் சுத்திச் சுத்தி வருதுன்னு நீதானே வந்து சொன்ன.

— சொன்னேன். அக்கம்பக்கத்துல ஒருத்தரும் தூங்க முடியலையாம். அவனுக்கு அதுல ஒரு பெருமை. வெள்ளை ஷூ வாங்கி வச்சிருக்கான், ரொட்டியை அடுப்புல தள்ளும்போதெல்லாம் அந்த ஷூ பேச்சுதான்... ஆமா, யாஷாரா வந்து வேணாம்னான்?

— வந்தான்.

— இன்னிக்கா? உன் ரூமுக்கா?

— இன்னிக்குத்தான், வேலை முடிஞ்சு வந்தான். தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னான். பாப்பாவுக்குக் கூச்சமா இருக்காம், வேற பிள்ளையை அடிக்கச் சொல்லுங்கன்னான்.

— யாஷார் அப்படிச் சொன்னான்.

— எவளோ அவன் வீடு வரைக்கும் போயிருக்கா. என்கிட்டப் போன்ல பேசினவளாவது தேவலை. ஒரு அப்பன்கிட்டப் போய், உன் பிள்ளையை நீயே பின்னாடி இழுத்துக்கோன்னு சொல்றதுன்னா எப்படிப்பட்ட ஈனப்பிறவியா இருக்கணும்? என்ன, கையை நிறுத்திட்ட?

— தெமே. அந்த ஈனப்பிறவி நான்தான்.

— என்ன உளர்ற?

— நேத்து அவன்கிட்டப் பேசினேன். மருந்துக்கடைக்காரன் காலையில பாலாடைக்கட்டி வச்ச பனிட்சா வாங்க வந்தான். எப்பவும் சூடா ரெண்டு துண்டு வாங்கி நின்னபடியே தின்னுட்டுப் போறவன், நேத்து தின்னாம நின்னான். ‘உன் சம்சாரத்துக்கு எதுக்கு இந்த வம்பு, ஊர்ல இன்னொரு பேக்கரியும் இருக்கு’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனான். அவன் வெளியே போனதும் யாஷாரைத் தனியாக் கூப்பிட்டு, ஒரு மணிதானேடா, டீச்சரம்மாவைப் பார்த்து நீயா வேணாம்னு சொல்லிடுன்னேன். வேணும்னா லீவு எடுத்துக்கோன்னேன். சொல்லும்போதே என் வாய் எனக்கே நாறிச்சு.

— நீயா? இவ்வளவு நேரம் எதிர்ல உட்கார்ந்து, விடு தெமே, விடு தெமேன்னு சொன்னியே. உன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பா இருக்கு.

— திட்டு. வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு, அவன் ஒத்துக்கலை. கையில இருந்த மாவைத் துடைச்சுட்டு நிதானமாச் சொன்னான். ‘முதலாளி, சீட்டுலேர்ந்து என் மக பேரை எடுத்துப் படிச்சது டீச்சரம்மா. அந்தம்மாவுக்கு எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான். அவங்க வாயால வேணாம்னு சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன். நானாப் போய்ச் சொன்னா என் பிள்ளை முகத்துல எப்படி முழிப்பேன்?’

— அப்படியா சொன்னான்?

— அதே வார்த்தை. அதான் எனக்கு விளங்கல. நேத்து அவ்வளவு திடமா நின்னவன் இன்னிக்கு எப்படி உன் முன்னாடி வந்து மாத்திப் பேசினான்? எனக்கு அப்புறம் வேற எவனோ போய் மிரட்டியிருக்கான். சரி, எவனா இருந்தா என்ன. நான் இப்பவே பாலத்துக்கு அந்தாண்ட போறேன். அவன் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு, காலையில ஷூவைப் போட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டு வாடான்னு சொல்றேன். பேக்கரி போனா போகட்டும். நீ அந்த விருப்பப்படிங்கிற வரியை அடிச்சுட்டு செவ்தா பேரைப் போட்டு அனுப்பு.

— உட்காரு, கமென்.

— கோட்டு எங்க வச்சேன்? இருட்டுறதுக்குள்ள போயிட்டு வந்துடறேன்.

— உட்காருன்னேன். யாஷார் என்னைப் பார்க்க வரவே இல்ல. அந்த வரியை நானாத்தான் எழுதினேன். மத்தியானமே எல்லார் வீட்டுக்கும் அனுப்பிட்டேன், அவன் வீட்டுக்கும்தான்.