இறுக்கிச் சுற்றினால் அடங்கும்

— அஞ்சு மணிக்கு எழும்பினேன். தேத்தண்ணி ஊத்திக் குடிச்சேன். ரொட்டி ரெண்டு சுட்டேன். ஒண்ண பால்ல ஊறப்போட்டு நாய்க்கு வச்சேன். முகம் கழுவினேன். அவ்வளவுதான்.

— நான் அதக் கேக்கல மச்சான். சீனிக்குட்டி அத தின்னுச்சான்னு கேட்டேன்.

— இல்ல.

— நேத்து?

— நேத்தும் இல்ல. கட்டிலுக்கு அடியில போனது இன்னும் வெளிய வரல.

— சீனீ... இங்க பாரு, சித்தி வந்திருக்கேன்... அய்யோ, ஒடம்பெல்லாம் எப்பிடி நடுங்குது!

— மேல மலையில புல்லு வெட்டுற மிஷின் ஓடுதுல்ல. அந்தச் சத்தம். ஆட்டோ வந்தாலும் இப்பிடித்தான். உங்க அக்காவ குளவி கொட்டின நாள்லருந்து, எது இரைஞ்சாலும் குளவின்னு நெனைச்சுக்குது. உக்காரு சர்மிளா. பையில என்ன?

— ஒண்ணுமில்ல. கறிக்குக் கொஞ்சம் லீக்ஸ்... லயத்து வீடுகள்ல என்னமோ பேசிக்கிறாங்களே, நெசமா?

— நெசந்தான். நாள் பூரா ஊளையிடுதாம். பக்கத்துக் காம்பராவுல பச்சப்புள்ள தூங்கமாட்டேங்குதாம். அவ கருமாதி முடியட்டும்னு பொறுத்துக்கிட்டாங்களாம். பதினொரு மணிக்கு கஜேந்திரன் லொறி வருது. பட்டிப்பொல மலைப் பக்கம் நாய ஏத்திக்கிட்டுப் போயி விட்டுருவான்.

— நீங்க சரின்னுட்டீங்களா?

— அதுக்குள்ள அடங்கிட்டா வச்சுக்கலாம்னாங்க.

— இப்ப மணி?

— பத்தே முக்கால்.

— அந்தக் குளிருல ஒரு நாள் தாங்காது மச்சான். தேயிலக் கொழுந்துக் கூடையில வச்சுத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சு அக்கா வளத்த நாயி.

— தெரியும்.

— தெரியும்னா... போகட்டும்னு விட்டுட்டீங்களா?

— இல்ல. இருக்கணும். அவ விட்டுட்டுப் போனதுல மூச்சு விடுறது அது ஒண்ணுதான்.

— அத மூஞ்சியில கொஞ்சமாவது காட்டுனாத்தான் என்ன? வாத்தியாரு கல்லு மாதிரி நிக்கிறாருன்னு கருமாதியில எல்லாரும் பேசினாங்க.

— பேசட்டும். எனக்கு ஒண்ணும் வரல சர்மிளா. அழுகையும் வரல, கோவமும் வரல.

— சரி, என்னென்ன செஞ்சு பாத்தீங்க? போன்ல படிச்சிருப்பீங்களே. அக்கா சொல்லும், எங்க வீட்டுக்காரரு போனக் கேட்டுட்டுத்தான் இருமுவாருன்னு.

— அப்பிடியா சொன்னா?

— இன்னும் நெறைய சொல்லும். நீங்க மொதல்ல இதச் சொல்லுங்க.

— ஜன்னலச் சாத்தி துணி கட்டினேன். ரேடியோவ மெதுவா வச்சேன். காதுக்குப் பின்னால தடவிக் குடுத்தேன். நடந்தா நல்லதுன்னு கூட்டிக்கிட்டுப் போனேன், ரோட்டு முக்குல படுத்துக்கிச்சு. தூக்கிக்கிட்டு வந்தேன்.

— தூக்கிக்கிட்டா! பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையோடவா?

— ம். மேல் லயத்து மாயாண்டி மாமா ஒரு மூடி சாராயம் ஊத்தச் சொன்னாரு.

— நாய்க்கா?

— நாய்க்குத்தான். மிச்சத்த அவரு பாத்துக்கிறேன்னாரு.

— ஹூம்... அவரு பாத்துக்குவாரு.

— அவ சட்டை ஒண்ண எடுத்து பக்கத்துல போட்டேன். பழகின மணம் இருந்தா பயம் கொறையுமாம். ஆனா துவைச்ச சட்டை. சோப்பு மணந்தான். மோந்து பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு.

— சுத்திக் கட்டிப் பாக்கலயா?

— என்ன?

— இல்ல... பச்சப்புள்ளைய சுத்துவாங்கல்ல, நெஞ்சோட வயித்தோட இறுக்கி... அந்த மாதிரி.

— அத யாரு உனக்குச் சொன்னா?

— சும்மா கேள்விப்பட்டதுதான்.

— யாருகிட்ட?

— விடுங்க மச்சான்.

— அத நான் உங்க அக்கா சுலக்ஷனாவுக்கு மட்டுந்தான் சொன்னேன். குளவி கொட்டின அன்னைக்கு ஒம்போதரைக்கு மலையிலருந்து போன்ல கோல் எடுத்தா. மொத நாள் கோயில்ல வெடி போட்டாங்கல்ல, அதுல பயந்து போயி இது அவ காலச் சுத்திக்கிட்டே மலைக்கு வந்திருச்சு. நடுங்குது, கொழுந்து பறிக்க விடமாட்டேங்குது, மேல்பார்க்குற கண்டாக்கு ஏசுறாரு, என்ன செய்யன்னு கேட்டா. நான் வகுப்புல நின்னேன். இறுக்கிச் சுத்து, அடங்கும்னேன். எதால சுத்துறதுன்னா. கையில என்ன இருக்கோ அதாலன்னுட்டு கட் பண்ணிட்டேன்.

— இத யாருகிட்டயும் சொல்லலயா நீங்க?

— இல்ல. அவ கையில என்ன இருந்துச்சு சர்மிளா?

— மச்சான்...

— நீ பக்கத்து நிரையில நின்னவ. கொழுந்து பறிக்கையில இடுப்புல கட்டுற படங்குத் துணிய வீட்டுலயே மறந்துட்டுப் போயிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. நீயும் தலையாட்டின. நான் வீடு பூராத் தேடிட்டேன். கட்டிலுக்கு அடியில, கூரை இடுக்குல, கோழிக்கூட்டுல கூட. சொல்லு.

— இந்தப் பையில லீக்ஸ் இல்ல மச்சான். அக்கா படங்க மூணு கெழமையா அரிசி டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேன். துவைக்கல. கஜேந்திரன் வர்றான்னு கேட்டதும் மனசு கேக்கல... கொண்டாந்துட்டேன்.

— குடு.

— நான் வேணும்னா சுத்துறேன்...

— குடு. சீனி... இந்தா. சீனி... சர்மிளா, தலைய நீட்டுது.

— பேசாதீங்க. வரட்டும்.

— வருது.

— மூஞ்சிய உள்ள விட்டுக்கிட்டு எப்பிடி மோந்து பாக்குது பாருங்க...

— எப்பிடிச் சுத்தினா? இப்பிடியா?

— இன்னும் கொஞ்சம் இறுக்கி. முடிச்சு முதுகுக்கு மேல வரணும்... ஆங், அப்பிடித்தான்.

— மிஷின் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

— ஆமா. இது நடுங்கல.

— மூச்சுகூட மெதுவா வருது. படுத்துக்கிச்சு பாரு.

— லொறிச் சத்தம்! வந்துட்டான். நான் போயி, நாய் எங்கயும் வரலன்னு சொல்லிட்டு வாறேன்...

— நில்லு.

— அவன் ஹோர்ன் அடிக்கப் போறான் மச்சான். இது மறுபடி பயந்துரும்...

— நில்லு சர்மிளா. அன்னைக்குப் படங்கப் போத்திக்கிட்டுக் குப்புறப் படுத்தவங்க எல்லாரும் தப்பிச்சீங்க. நீயும் அப்பிடித்தானே தப்பிச்ச?

— ம்.

— அவ ஏன் இத எடுத்துப் போத்திக்கல? நேரம் இல்லயா?

— ...இருந்துச்சு.

— அப்ப?

— நான் தவழ்ந்து போயி சீனி மேல இருந்த முடிச்சுல கைய வச்சுட்டேன். பாதி அவுத்தும் விட்டேன். அக்கா என் கையத் தட்டிவிட்டுட்டு, திரும்ப இறுக்கிக் கட்டுச்சு. அப்பவே மூஞ்சியெல்லாம் மொய்ச்சிருச்சு மச்சான்...

— ஏதும் சொன்னாளா?

— வேணாம் மச்சான்.

— கடைசியா என்ன சொன்னா?

— "அவுக்காத சர்மி. ஒன் மச்சான் சொன்ன மாதிரி சுத்துனேன்... இப்பத்தான் அடங்கிருக்கு."