திரும்ப அழைக்கிறோம்

மேலே எழுதியிருக்கும் பெயர், வயது, முகவரி எல்லாம் என்னுடையவைதான். பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட மின்சாரக் கார் என் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. வாங்கிய அன்று என் தம்பி, "உன் கைராசி நல்ல ராசிக்கா, உன் பேர்லயே இருக்கட்டும்" என்றான். அதனால் கம்பெனியிலிருந்து வரும் செய்திகள் என் கைப்பேசிக்குத்தான் வரும். இப்போது கைதாகி உள்ளே இருப்பவன் அந்தத் தம்பிதான்.

அவன் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினான். கார் ஸ்டாண்டில் அவனுக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். சைக்கிள்காரர்கள்கூட அவனை முந்திக்கொண்டு போவார்கள். அவன் மேல் எழுதியிருக்கும் குற்றம், அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி ஒருவருக்கு மரணம் விளைவித்தான் என்பது. அதை எனக்குப் படித்துக் காட்டியபோது சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கு ஸ்டேஷன் எழுத்தர் என்னை அதட்டினார். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

அந்தக் காரில் தானாகப் பிரேக் போடும் வசதி இருக்கிறது. முன்னால் ஆளோ வண்டியோ குறுக்கே வந்தால் ஓட்டுபவர் காலை வைக்காமலே கார் நின்றுவிடும். மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியதும் அது ஒன்றுமே இல்லாத இடத்திலும் நிற்க ஆரம்பித்தது. முதல் முறை நின்றபோது நான் பின் சீட்டில் சீருடை மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தேன். ரயில் பாலத்தின் நிழல் சாலையில் விழுந்திருந்த இடத்தில் கார் சடாரென்று நின்றது. மூட்டை முழுவதும் என் தலையில் சரிந்தது. "ஏன்டா இப்படிப் பிரேக் போட்ட?" என்று கத்தினேன். "நான் கால வைக்கலக்கா, அதுவா நிக்குது" என்றான். காதில் பூச்சுற்றாதே என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு திரும்பி வரும்போது முன் சீட்டில் உட்கார்ந்து அவன் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதே நிழலில் கார் மறுபடி நின்றது. அவன் கால் பிரேக்கின் மேல் இல்லை. இதற்கு நானே சாட்சி.

அதன் பிறகு இருவரும் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அங்கிருந்த இளைஞர் காரில் ஒயரைச் சொருகி லேப்டாப்பில் பார்த்துவிட்டு, எந்தக் கோளாறும் காட்டவில்லை என்றார். என் தம்பி அந்தத் தானியங்கிப் பிரேக்கை நிறுத்திவிடச் சொல்லிக் கெஞ்சினான். "அதை நிறுத்த முடியாதுங்க. உங்க பாதுகாப்புக்குத்தானே வெச்சிருக்கு? நிறுத்தினாலும் அடுத்த தடவை வண்டிய எடுக்கும்போது அதுவாவே ஆன் ஆயிடும். புகாரை மேல அனுப்பிட்டேன், அங்கேருந்து உங்களக் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் தாராளமா ஓட்டலாம்" என்றார் அவர்.

அதன் பிறகு, பின்னால் வருகிறவர்கள் இடித்துவிடக் கூடாதே என்று தம்பி பயந்தான். கார் தானாக நிற்கும், தள்ளி வரவும் என்று ஒரு துணியில் தைத்துக் கொடு என்றான். அப்படிப் போட்டால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று நான்தான் சொன்னேன். மிச்சமிருந்த வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்துகளை வெட்டி வைத்து, 'தள்ளி வாங்க, இவனுக்கு நிழலைக் கண்டால் பயம்' என்று தைத்தேன். அதைப் பின் கண்ணாடியில் உள்பக்கமாகக் கட்டினோம். ஸ்டாண்டில் எல்லோரும் அதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிலர் போட்டோ எடுத்தார்கள். எங்கள் வேலை பலித்தது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகு ஒரு நாள் மதியம் நான் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: 'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் வாகனத்தின் தானியங்கிப் பிரேக் மென்பொருள் தொடர்பாகத் திரும்ப அழைக்கிறோம். சிரமத்திற்கு வருந்துகிறோம்.' கூப்பிடுவாங்க என்று சர்வீஸ் சென்டரில் சொல்லியிருந்தார்களே, அதுதான் வந்துவிட்டது என்று நினைத்தேன். தம்பிக்கு உடனே படித்துக் காட்டினேன். "நல்லவேளைக்கா, நம்ம புகார் போய்ச் சேந்துடுச்சு" என்று அவன் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான். நான் கம்பெனிக்கு, 'சரிங்க, காத்திருக்கிறோம்' என்று பதில் அனுப்பினேன்.

அதன் பிறகு காத்திருந்தோம். குளிக்கப் போகும்போதும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போனேன். நாங்களாகக் கூப்பிட்டபோது பாட்டுதான் ஓடியது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லும், மறுபடி பாட்டு வரும். தம்பி அந்தப் பாலத்துப் பக்கமே போவதை விட்டுவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு போய்வந்தான்.

அதன் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அன்று ஒரு கர்ப்பிணியை அவசரமாக மருத்துவமனையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பாலம் இல்லாத வெட்டவெளிச் சாலையில், பெரிய விளம்பரப் பலகையின் நிழலில் கார் நின்றிருக்கிறது. பின்னால் மிக நெருக்கத்தில் பைக்கில் வந்த கூரியர்காரர் மோதி அங்கேயே இறந்துவிட்டார். தம்பி எனக்கு போன் செய்து, "நான் கால வைக்கலக்கா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அதன் பிறகு இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். கம்பெனி ஆள் ஒருவர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். கோளாறான வண்டிகளைக் கம்பெனிக்கே வரவழைக்கும் ரீகால் அறிவிப்பு கொடுத்த பிறகும் வண்டியைக் கொண்டுவந்து விடாதது உரிமையாளரின் தவறு என்றார். எந்த அறிவிப்பு என்று கேட்டேன். "திரும்ப அழைக்கிறோம்னு அனுப்பினோமேம்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்களுக்கு போன் பண்ணுவீங்கன்னுல்ல நெனச்சோம்! வண்டிய ஓட்டாதீங்க, கொண்டாந்து விடுங்கன்னு எழுத என்னய்யா கேடு உங்களுக்கு? கார் என்ன நாய்க்குட்டியா, திரும்பக் கூப்பிட்டா வாலாட்டிக்கிட்டு வர?" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. என் பதிலை எடுத்துக் காட்டி, "சரிங்க, காத்திருக்கிறோம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் அய்யா அவர்கள் என்னிடம், "அந்த மெசேஜைப் பாக்கவே இல்லன்னு சொல்லுங்கம்மா, உங்க தம்பிக்கு நல்லது" என்று இரக்கத்தோடுதான் சொன்னார்கள். என் பதிலைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். பின் கண்ணாடித் துணியும் இப்போது இங்கேதான் இருக்கிறது. கோளாறு இருப்பது தெரிந்தே ஓட்டினான் என்பதற்கு அதுவே ஆதாரமாம். அடுத்தவர் உயிர் போகக் கூடாது என்று தைத்த துணி அது. எப்படி எழுதினால் அது அப்படிப் புரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இறந்தவரின் மனைவி வெளியே பெஞ்சில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று தெரிந்தும் எழுந்து போகவில்லை. அவருடைய ரவிக்கையில் தோள் தையல் பிரிந்திருந்தது. என் பையில் ஊசி நூல் இருந்தது, எடுக்கக் கை வரவில்லை. அவராகவே பேசினார். "எழுத்துன்னு எது கண்ணுல பட்டாலும் அவரு படிச்சிட்டுத்தான் நகருவாரு. கடை போர்டு, லாரிக்குப் பின்னாடி எழுதியிருக்கிறது, எதையும் விட மாட்டாரு" என்றார். அதன் பிறகு, "அந்தத் துணியில என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார். நான் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? அவர் என் முகத்தைப் பார்த்து, "நிழலுக்கா?" என்று மட்டும் கேட்டார். எழுத்தை இன்னும் பெரிதாக வெட்டியிருந்தால் அவர் கணவர் கிட்டே வராமல் தூரத்திலிருந்தே படித்திருப்பார். துணியும் இருந்தது, நூலும் இருந்தது.

இதுவரை சொன்னது எல்லாம் என் வாயால் நான் சொன்னது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாசித்துக் காட்டக் கேட்டேன், நடந்தது இதுதான். முடிந்ததும், தம்பியை எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. தேவைப்பட்டா திரும்பக் கூப்பிடுறோம்" என்றார்கள் அய்யா. போன் செய்வார்களா, நானாக வர வேண்டுமா என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டேன். அப்படி எழுதித் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். ஆகவே கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போகவில்லை, வெளியே அந்தப் பெஞ்சில்தான் இருப்பேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

(கையொப்பம்)