கட்டுக்கம்பி

கான்கிரீட் போட்டால் இருபத்தெட்டு நாள் பொறுக்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்ததுதான், பொறுக்கிறவன்தான் கிடையாது. பத்தாம் நாளே பாரத்தை ஏற்றிவிட்டு, பதினைந்தாம் நாள் சிமெண்டைத் திட்டுவான். நான் பொறுத்தேன். காலையும் மாலையும் ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அதனால் தரையில் குற்றமில்லை ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கார் தூக்குகிற லிஃப்ட்டை அந்தத் தரையில் மாட்டிய ஃபிட்டரை இரண்டு நாளாக இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் மேலும் குற்றமில்லை. துளை போட்டு, தூசியை ஊதி எடுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முறுக்கினார். "பெரியவரே, இந்தத் தரையில யானையைக் கட்டலாம். தீனிக்குத்தான் வழியிருக்காது" என்றார். நல்ல மனுஷன். அவருடைய சம்சாரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வரும்போது பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

நாற்பது வருஷம் கான்கிரீட் வேலை பார்த்தவன் நான். கம்பி கட்டுவேன், பலகை அடிப்பேன், கலவை தூக்குவேன். எனக்கு ஒரே பையன். அவனுக்கு ஒன்பது வயசில் அவன் அம்மா போய்விட்டாள். சித்தாள் பெண்கள் அவனுக்குத் தலை வாரிவிட, மணல் குவியலில் உருண்டு வளர்ந்தான். படித்து மெக்கானிக் ஆனான். ஊரான் ஒர்க்‌ஷாப்பில் மல்லாந்து படுத்தே வேலை செய்தான். கண்ணில் ஆயில் சொட்டும். முப்பது வயசில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பான். அதைப் பார்த்துத்தான் வீட்டு கார் ஷெட்டில் லிஃப்ட் போடலாம் என்றேன். யோசனை என்னுடையது. கூரையை நாலடி உயர்த்தினேன். பழைய தரையை உடைத்து, முக்கால் அடி ஆழத்துக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டேன். கூலிக்கு ஒரு ஆள் வைக்கவில்லை.

அந்த லிஃப்ட் எப்படி நிற்கும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு தூண், நாலு கை. காரைத் தூக்குவது ஆயில். ஆனால் ஆயிலை நம்பி எவனும் கீழே போகமாட்டான். தூணுக்குள் வரிசையாகப் பல் இருக்கிறது. கார் ஏற ஏற ஒரு இரும்பு நாக்கு ஒவ்வொரு பல்லிலும் டக், டக் என்று விழும். போதுமான உயரம் வந்ததும் ஒரு விரக்கடை இறக்கினால் பாரம் பல்லில் உட்காரும். அப்புறம் ஆயில் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான்.

சுவிட்ச் பக்கம் நான் நிற்பேன். அவன் கேட்பான்: "உக்காந்துச்சாப்பா?" நான் "உக்காந்துச்சு" என்பேன். அதைக் கேட்காமல் ஒரு விரலைக்கூட காருக்குக் கீழே நீட்டமாட்டான். எட்டு மாசம் இப்படித்தான். மருமகள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கதவருகே வந்து நிற்பாள். "மாமா, சாப்பிட உக்காருங்கன்னா ரெண்டு பேரும் உக்காரறதில்ல. காரை மட்டும் நல்லா உக்கார வைக்கறீங்க" என்பாள். வாய்க்காரி. குறை சொல்லமாட்டேன்.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது பையன் சொன்னான். "அப்பா, இவளுக்கு வெளியூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை கெடச்சிருக்கு. அந்த ஊர்லயே ஒரு கம்பெனி ஒர்க்‌ஷாப்ல எனக்கும் சரின்னுட்டாங்க. அடுத்த மாசம் போகணும். நீங்களும் வந்துடுங்க."

"நான் வந்து என்ன பண்ண? மூணாவது மாடியில உக்காந்து காக்கா எண்ணவா?"

"எண்ணுங்க. பேரப்புள்ள பொறந்தா துணைக்கு எண்ணும்."

மருமகள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கை கழுவும்போது, "லிஃப்ட்டை யாருக்காவது குடுத்துடலாம்ப்பா" என்றான்.

"போல்ட்டை அறுத்தா தரை வீணாப் போயிடும்டா."

"தரைதானேப்பா" என்றான்.

அவன் தப்பாகச் சொல்லவில்லை. தரைதான்.

ஒரு தடவை சாரத்திலிருந்து விழுந்து எனக்குக் கால் ஒடிந்தது. ஆறு மாசம் படுத்திருந்தேன். ஆறு மாசம் படுத்தவனுக்கு எந்த வேலையும் காத்திருக்காது. போகிற ஆசையும் அடங்கிவிடும். கால் எலும்பு கூடிவிடும் ஐயா. என்னுடையது கூடியது, இதோ நடக்கிறேன். அந்த அளவுக்குத்தான் யோசித்தேன். கோபமெல்லாம் இல்லை. வீட்டோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தூணைக் கழற்றிப் பார்த்தபோது நாக்கை இழுத்துக் கட்டிய கம்பியை எடுத்திருக்கிறீர்கள். பேக்கிங் கம்பி, ஃபிட்டர் அவிழ்க்க மறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்களாம். அது கட்டுக்கம்பி. கம்பியோடு கம்பி சேர்த்துக் கட்ட நாங்கள் வைத்திருப்பது. இரண்டாக மடித்து, கொக்கியை உள்ளே விட்டு, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்று சுற்றினால் அறுந்துவிடும். ஃபிட்டர் கைக்கு அந்த முறுக்கு வராது. என் இடுப்பில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும். இரண்டு தூணிலும் கட்டிவிட்டு மூடியைப் போட்டேன். கால் மணி நேர வேலை.

நாக்கு விழாவிட்டால் டக், டக் சத்தம் வராது. பையனுக்குக் காது கூர்மை. அதனால் காரை ஏற்றும்போது காற்றடிக்கிற கம்ப்ரஸரை ஓடவிட்டேன். அது போடுகிற சத்தத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. இடுப்பு உயரத்தில் நிறுத்தினேன். அதற்கு மேல் போனால் பாரம் வேகமாக வரும், எலும்பு தூளாகிவிடும் என்று ஒரு கணக்கு.

"உக்காந்துச்சாப்பா?" என்றான்.

"உக்காந்துச்சு" என்றேன்.

பின்சக்கரம் இரண்டையும் கழற்றினான். பிரேக் வேலை. சின்ன முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினான். முழங்கால் வரைக்கும்தான் காருக்குக் கீழே. நான் பம்பு பக்கம் ஸ்பேனரோடு நின்றேன். ஆயில் குழாயின் மூட்டைக் காலையிலேயே பாதி மரைக்குத் தளர்த்தி வைத்திருந்தேன். இன்னும் ஒரு திருப்பு. திருப்ப ஆரம்பித்தபோது அவன் கையிலிருந்து ஒரு நட்டு விழுந்து உள்ளே உருண்டது. அதை எடுக்கக் குனிந்து உடம்பை உள்ளே நுழைத்தான்.

நான் பார்த்தேன். பாதித் திருப்பில் கையை நிறுத்தியிருக்க முடியாதா என்று கேட்பீர்கள். ஏணியில் கலவைச் சட்டியோடு வைத்த காலைப் பின்னால் எடுக்க முடியாது, அது மாதிரி என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஸ்பேனர் சட்டி இல்லை. நிறுத்தியிருக்கலாம்.

அவன் கத்தவில்லை. "அப்பா" என்றான், கூப்பிடுகிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். மருமகள் ஆயிலில் மண்டியிட்டு அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "யாரும் அவரைத் தூக்காதீங்க, அசைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை அவனுக்கு. இனித் தெரியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். உங்கள் ஆள் கட்டிலருகே வந்து விசாரித்தபோது பையன் என்ன சொன்னான் தெரியுமா? "அப்பா பார்த்துட்டுத்தான் சொன்னாரு. மிஷின் கோளாறு." அதை உங்கள் ஆள் எழுதிக்கொண்டார். அதனால்தான் ஃபிட்டர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

கட்டினது நான், திருப்பினது நான், உட்கார்ந்துவிட்டது என்று சொன்னதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள். பெயர் எழுத வரும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாலு மணிக்குள் என்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவனை ஒருக்களித்துத் திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். மூன்று வாரமாக நான்தான் செய்கிறேன். தொட்டில் பிள்ளை மாதிரி கிடக்கிறான். அந்த ஊருக்கே கூட்டிக்கொண்டு போகிறேன், தன் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மருமகள் நச்சரிக்கிறாள். அவனும் "அனுப்பிடுங்கப்பா" என்கிறான். மாத்திரை மயக்கத்தில் பேசுகிறான். உடம்பு தேறட்டும், போகலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நர்ஸ்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெற்றவன் கை மாதிரி வருமா ஐயா? அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.