திருநகர் மருது காலமான செய்தி

முத்துமீனா: ...மொதல்ல இது யாரு நம்பருன்னு சொல்லு மாமா.

மருது: மலைச்சாமி அண்ணன் போனு. உசிலம்பட்டியில டீக்கடை வச்சிருக்காரே, அவரு. என் போனு... சார்ஜ் போயிருச்சு. ஒனக்கு நாலு தடவ அடிச்சேன், பிஸின்னே வந்துச்சு.

முத்துமீனா: துக்கம் கேக்குற ஆளுக விட்டாத்தான. பொழுதுக்கும் போனு.

மருது: அப்ப பாத்துட்டியா?

முத்துமீனா: பாத்தேன். 'வைகை மின்னல்' சேனல்ல. 'செக்கானூரணி அருகே லோடு ஆட்டோ கவிழ்ந்து திருநகர் மருது பலி.' நம்ம கல்யாணப் போட்டோவுல என்னய வெட்டிட்டு ஒன்னய மட்டும் போட்டிருக்கான்.

மருது: நீ பதறிப் போயிருப்பியேன்னுதான் மீனா...

முத்துமீனா: நானா? அவன் போட்டதுமே தெரியும், நீ நல்லா இருக்கேன்னு.

மருது: புருசன் செத்தான்னு போட்டிருக்கான். ஒரு சொட்டாச்சும் அழுதிருக்கலாம்ல.

முத்துமீனா: நம்ம தெரு தண்ணித் தொட்டியில முதலைன்னு போட்டவந்தான அவன்? போயிப் பாத்தா உடும்பு.

மருது: படம் தெளிவா இல்ல புள்ள...

முத்துமீனா: உப்புக் கெடைக்காதுன்னு போட்டான். நீ இருவது கிலோ வாங்கியாந்து கட்டிலுக்கு அடியில அடுக்கி வச்சிருக்க. நம்புற ஆளு நீ. நான் இல்ல.

மருது: சரி, சரி. அவனுக்கே போன் போட்டேன். நாந்தாம்ப்பா மருது, நல்லாத்தான் இருக்கேன், சேதிய எடுன்னேன்.

முத்துமீனா: எடுத்துட்டானா?

மருது: 'ஆதாரம் இருக்காண்ணே'ங்கிறான்.

முத்துமீனா: எதுக்கு?

மருது: நான் உசுரோட இருக்குறதுக்கு.

முத்துமீனா: அய்யோ... ஹஹ்ஹா!

மருது: சிரிக்காத. வீடியோ எடுத்து அனுப்புங்கன்னான். மலைச்சாமி அண்ணன் எடுத்துக் குடுத்தாரு, அனுப்புனேன். 'இறந்தவர் பேசும் அதிர்ச்சி வீடியோ'ன்னு தலைப்பு வச்சு அதையும் போட்டுட்டான்.

முத்துமீனா: போகட்டும். நாலு பேரு பாத்தாத் தெரிஞ்சுரும்ல.

மருது: எங்க தெரியுது? நம்ம இம்மானுவேலு கீழ எழுதியிருக்கான், 'இது பழைய வீடியோ, மக்களை ஏமாத்தாதீங்க, அண்ணன் ஆத்மா சாந்தியடையட்டும்'னு.

முத்துமீனா: அவனையும் குத்தஞ் சொல்ல முடியாது மாமா. அம்புட்டும் பொய்யாப் போட்டா, நெசத்த எவன் நம்புவான்?

மருது: அவன் நேத்து எங்கூட பரோட்டா தின்னவன்...

முத்துமீனா: எதுத்த வீட்டு ஹம்சவேணி அக்கா ஒன் படத்துக்கு மாலை போட்டு ஸ்டேட்டஸ் வச்சிருக்கு. பாக்க நல்லாத்தான் இருக்க.

மருது: நீ மட்டும் எப்படி இம்புட்டுத் தைரியமா இருந்த?

முத்துமீனா: அதான் சொன்னேன்ல. கொழம்பு வச்சுக்கிட்டு இருந்தேன்.

மருது: பஸ் ஆரன் சத்தம் கேக்குதே.

முத்துமீனா: டிவி ஓடுது... நீ சொல்லு. வண்டி கவுறவே இல்லல்ல?

மருது: சேச்சே. வண்டி மார்க்கெட்டுல நிக்குது.

முத்துமீனா: கையி காலு?

மருது: எல்லாம் முழுசா இருக்கு. ஒரு கீறல் கெடையாது. மொத்தமும் அவன் கட்டுன கதை.

முத்துமீனா: சத்தியமா?

மருது: சத்தியமா... ஏன் ஒனக்கு மூச்சு வாங்குது?

முத்துமீனா: வேகமா நடக்குறேன்ல. மாமா, நான் கொழம்பும் வைக்கல, ஒண்ணும் வைக்கல. சேதியப் பாத்ததும் கட்டுன சேலையோட காளவாசலுக்கு ஓடியாந்து பஸ் ஏறிட்டேன். செக்கானூரணியில அடிபட்டா உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குத்தான கொண்டுவருவாக, அங்க போயி, பொணவறை எங்கிட்டு இருக்குன்னு கேட்டேன். நர்சம்மா நோட்டப் பாத்துட்டு, 'மருதுவா? வண்டி கவுந்து வந்தாரே, எடது கையில மாவுக்கட்டுப் போட்டாச்சு, டீக்கடைக்குப் போயிருப்பாரு'ன்னாக. அங்கனயே உக்காந்து நல்லா அழுதுட்டுத்தான் வாரேன்... அவன் பாதிப் பொய், நீ மீதிப் பொய். கடைய விட்டு நகராத, எனக்கும் ஒரு டீ சொல்லி வையி.